விழுந்த சாட்டையை யார் எடுப்பது?

திருச்சி மத்திய பஸ் நிலையத்திலிருந்து ஸ்ரீரங்கம் செல்லும் ஒன்றாம் நம்பர் டவுன் பஸ்ஸில் ஏறாதவர்கள் நம்மூரில் அரிது. அது காவிரிப் பாலத்தைக் கடக்கும்போது டிரைவரையும் கண்டக்டரையும் சற்றுக் கவனியுங்கள். ஒருவர் ஆசனத்தை விட்டு அசைவதில்லை. மற்றவர் டிக்கட் கொடுத்தபடி முன்னும் பின்னும் நடக்கிறார். பஸ் ஒன்றே, வெயிலும் புழுதியும் ஒன்றே. ஆயின், இருவருடைய இருதயமும் ஒன்று போலிருக்குமா?

லண்டன் பஸ்களை வைத்து இக்கேள்வியை எழுப்பியவர் ஜெர்ரி மோரிஸ் என்ற டாக்டர். மாடிப் பஸ்களில் படி ஏறி இறங்கிய கண்டக்டர்களை விட, உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களுக்கு இருதய நோய் அதிகம் என்று 1953-ல் அவரும் சகாக்களும் எழுதினார்கள். டிரைவர்கள் முதலிலேயே பருத்தவர்களாக இருந்திருக்கலாமே என்ற ஐயமும் அவருக்கே எழுந்தது. அவர்களுடைய சீருடையின் இடுப்பளவைப் பார்த்தார், பெரிதாகத்தான் இருந்தது. தம் முடிவைத் தாமே சந்தேகிப்பவரின் பேச்சை நம்பிக் கேட்கலாமன்றோ!

2012-ல் ஆஸ்திரேலியாவில் வேறொரு சோதனை நடந்தது. இனிப்பும் கொழுப்பும் கலந்த பானத்தை அருந்திய பின் சிலரை மணிக்கணக்கில் உட்கார வைத்தார்கள். வேறொரு நாள் அவர்களையே 20 நிமிடத்திற்கொருமுறை எழுப்பி, 2 நிமிடம் மெல்ல நடக்க விட்டார்கள். நடந்த நாளில் இரத்தத்தில் சர்க்கரை குறைவாக ஏறியது. தொடையும் கெண்டைக்காலும் வேலை செய்யும்போது இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக் கொள்கின்றன. உட்கார்ந்தால் அந்த வேலை நின்றுவிடுகிறது. உட்காரும் நேரத்தில் ஒரு பகுதியை லேசான அசைவாக மாற்றினாலும் நன்மையுண்டு என்று 2020-ல் உலக சுகாதார நிறுவனமும் கூறிற்று. வேக நடைக்கு அது ஈடாகாது என்பது வேறு விஷயம். நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்குச் சர்க்கரை வியாதி என்று 2023-ல் வந்த கணக்கைப் பார்த்தால் இது சிறிய சங்கதியாகத் தோன்றவில்லை.

“ஐவேளை தொழுகிறோமே, போதாதா?” என்பீர்கள். பர்ளு மட்டும் நாளொன்றுக்கு 17 ரக்அத், உடலுக்கு நன்றே. ஆனால் தொழுகையைத் தேகப்பயிற்சியாக்கிப் பேசுவது நமக்கு உவப்பில்லை. அது அல்லாஹ்வுக்குரியது. மேலும், லுஹர் முடிந்து கல்லாவில் அமர்ந்தவர் அஸர் பாங்கு கேட்கும் வரை எழுவதில்லையே, அந்த நேரத்திற்கு என்ன பதில்?

பெரியகடை வீதியில் முதலாளி அமர்ந்திருப்பார். தண்ணீருக்கும் கணக்குப் புத்தகத்திற்கும் பையன் ஓடுவான். வீட்டிலோ ஈஸிசேரிலிருந்து ஒரு குரல் போதும், எல்லாம் கைக்கு வரும். இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் மரியாதை.

மக்களிடம் எதையும் கேட்பதில்லை என்று நாயகம் (ஸல்) அவர்களிடம் பைஅத் செய்த தோழர்களைப் பற்றி அவ்ஃப் இப்னு மாலிக் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிம் நூலில் உண்டு. அவர்களில் சிலர், கைச்சாட்டை கீழே விழுந்தால்கூட எடுத்துத் தரும்படி எவரையும் கேட்க மாட்டார்களாம். தேக சுகத்தை எண்ணியா அப்படிச் செய்தார்கள்? இல்லை, கையேந்தாத மானத்தை எண்ணி. ஆயினும் குனிந்து எடுத்தது அவர்களுடைய உடல்தானே!

பெரியவர்களுக்குப் பணிவிடை செய்வது பிள்ளைகளுக்கு நன்மையில்லையா என்று கேட்கலாம். நன்மைதான். அனஸ் (ரலி) அவர்கள் பத்தாண்டுகள் நாயகத்திற்கு ஊழியம் செய்தார்கள். அந்த நாயகமே வீட்டில் குடும்ப வேலைகளில் பங்கெடுத்தார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பிறர் அன்போடு தரும் ஊழியத்தை ஏற்பது ஒன்று. அது இல்லாமல் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் குடிக்க முடியாதவராகிப் போவது வேறொன்று. உடல் நமக்குத் தரப்பட்ட அமானத். அதன் வேலையைப் பிறர் காலில் ஏற்றிவிட்டால், அமானத்தும் வீணாகிறது. அந்தக் காலும் தேய்கிறது.

முழங்கால் வலியால் நாற்காலியில் தொழுபவரை நாம் குறை கூறவில்லை. காலை முதல் அடுப்பங்கரையில் நிற்கும் தாய்மாருக்கும் இக்கட்டுரை எழுதப்படவில்லை. அவர்களுக்கு வேண்டியது நடையல்ல, சற்று உட்கார ஓர் இடம். ஈஸிசேர்க்காரர் எழுந்தால் அதுவும் கிடைக்கும்.

இதை எழுதும்போது மூக்குக் கண்ணாடி அடுத்த அறையிலிருப்பது நினைவுக்கு வந்தது. வழக்கம் போலப் பேரனைக் கூப்பிட வாயெடுத்தோம். பிறகு மூடிக்கொண்டோம்.