வசைச்சொல்லுக்குக் கால் கொடுப்பது யார்?



முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் நம் தூத்துக்குடி கடற்கரையில் கடல்கட்டி என்று ஒருவர் இருந்தார். ஆட்கள் கடலில் இறங்குமுன் சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொல்லுவாராம். அந்த மந்திரத்தில் நமக்கு விசுவாசம் இல்லை, அது கிடக்கட்டும். 1961-ல் நடந்த குளிப்போடு அந்தத் தொழிலே இங்கே ஓய்ந்துபோயிற்று. ஆனால் கடிக்கிற வாய் ஓயவில்லையே! இப்பொழுது அது நம் சட்டைப்பையில் இருக்கிற போனுக்குள் வந்துவிட்டது.

2019 ஏப்ரலில் புதுக்கோட்டை மாவட்டம் பொன்னமராவதியில் நடந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். ஒரு சமூகத்துப் பெண்களை இழிவாய்ப் பேசின ஒலிப்பதிவு ஒன்று வாட்ஸ்அப்பில் பரவிற்று. ஜனங்கள் காவல் நிலையத்தை முற்றுகையிட்டார்கள். கல்வீச்சு நடந்தது. கடைசியில் 144 தடை உத்தரவு போடவேண்டியதாயிற்று. யோசித்துப் பாருங்கள், பேசின வாய் எத்தனை? ஒன்றோ இரண்டோ. ஆனால் இப்படிப்பட்ட பேச்சை ஊர் ஊராய்ச் சுமந்துகொண்டு போகிறது யார்? அதைப் பேசினவன் மாத்திரமா? அதைக் கேட்டு வயிறெரிந்தவனும்தான். "ஏல, இதக் கேட்டியா, என்ன பேசியிருக்கான் பாரு" என்று பத்துப் பேருக்குத் தள்ளிவிடுகிறான். தன் வீட்டுப் பெண்களைத் திட்டின பேச்சைத் தன் கையாலேயே விதைக்கிறான்!

அமெரிக்காவிலே ஸ்டான்போர்ட், கார்னெல் பல்கலைக்கழகத்தார் ஒரு சோதனை செய்து 2017-ல் வெளியிட்டார்கள். சாதாரண ஜனங்களில் சிலருக்கு எளிதான கேள்விகளையும், சிலருக்கு மண்டை காய்கிற கேள்விகளையும் கொடுத்தார்கள். பிறகு ஒரு கட்டுரையை வாசித்து, அதன் கீழே கருத்து எழுதச் சொன்னார்கள். மனம் சலிக்காமல், முன்னே எழுதப்பட்ட நல்ல கருத்துக்களைப் பார்த்தவர்கள் எழுதினதில் 100-க்கு 35 மட்டுமே கெட்டதாயிருந்தது. (அதுவே ஜாஸ்திதான்!) மனம் சலித்து, முன்னே வசையையும் பார்த்தவர்கள் எழுதினதில் 100-க்கு 68. முதலில் எழுதினவன் வைத்த நெருப்பில் பின்னால் வந்தவன் தன் எரிச்சலையும் அள்ளிப்போடுகிறான். யாக்கோபு நாவை நெருப்பு என்று எழுதினது சும்மாவா?

நாம் அப்படியில்லை என்கிறீர்களா? ஒரு ஊழியக்காரரை அசிங்கமாய்த் திட்டி எவனோ போட்ட வீடியோ வருகிறது. நாம் என்ன பண்ணுறோம்? "ஜெபிக்கவும்" என்று மேலே ஒரு வார்த்தை எழுதி மூன்று குழுவுக்கு அனுப்புகிறோம். ஜெபக்குறிப்பாம்! முழங்கால் போட்டவர் எத்தனை பேர், வீடியோவை முழுசாய்ப் பார்த்தவர் எத்தனை பேர்?

1 சாமுவேல் 25-ஐ எடுத்து வாசியுங்கள். தாவீது அனுப்பின பத்து வாலிபரை நாபால் அவமானப்படுத்திப் பேசினான். அவர்கள் அதை அப்படியே தாவீதிடம் கொண்டுவந்து கொட்டினார்கள். பொய் ஒன்றும் கலக்கவில்லை. தாவீது மறுகேள்வி கேட்கவில்லை. 400 பேர் பட்டயத்தோடு கிளம்பிவிட்டார்கள். ஒரு குடிகாரனின் பேச்சு 400 பட்டயமாயிற்று.

அதே பேச்சை நாபாலின் வேலைக்காரன் ஒருவனும் அபிகாயிலிடத்தில் சொன்னான். ஆனால் அவன் அதோடு நிறுத்தவில்லை. அந்த மனுஷர் நமக்கு நல்லவர்களாயிருந்தார்கள், ஆடு மேய்த்த நாளெல்லாம் இராப்பகலாய் மதில்போல் நின்றார்கள் என்று மறுபாதியையும் சொன்னான். நம் குழுக்களில் இந்த மறுபாதியைச் சொல்ல ஒரு ஆள் உண்டா? அதைக் கேட்டபடியினால் அந்த ஸ்திரீ 200 அப்பங்களையும் ஆட்டிறைச்சியையும் அத்திப்பழ அடைகளையும் கழுதைகள்மேல் ஏற்றிக்கொண்டு போனாள். தாவீதின் கோபம் வழியிலேயே இறங்கிற்று.

வீட்டுக்குத் திரும்பினாள். நாபால் ராஜவிருந்து வைத்து, குடித்து வெறித்திருந்தான். அவளுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. "உன் வாயால இன்னைக்கு நம்ம வீட்டுல ஒரு ஆம்பளையும் மிஞ்சியிருக்க மாட்டான்" என்று அப்பொழுதே கத்தியிருக்கலாம். விருந்துக்கு வந்தவர்களும் கேட்டிருப்பார்கள். பொழுது விடிந்து, அவனுக்குப் போதை தெளிகிறவரைக்கும் அவள் வாயைத் திறக்கவில்லை.