நாலு முட்டையும் ஒரு படமும்

என் மேஜைக்கு மேலே இரண்டு வருஷமாக ஒரு படம் தொங்கிக்கொண்டிருந்தது. நீல வானம். கறுப்பு இறக்கையை விரித்து, சிவந்த நீளக் கால்களைப் பின்னால் நீட்டி, வாயைத் திறந்தபடி பறக்கும் ஒரு பவளக்கால் உள்ளான். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம், 'அடடா, அந்தப் பறவைக்கு என்ன உற்சாகம் பாருங்க!' என்பார்கள். நானும் சிரித்துவைப்பேன்.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். அது உற்சாகம் இல்லை, அலறல்.

மரக்காணம் உப்பளத்தில் எடுத்தது. சித்திரை பிறந்து ஒரு வாரம் இருக்கும். நண்பரும் நானும் இருட்டிலேயே காரை எடுத்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய்ச் சேர்ந்தோம். காலை பத்து மணி வாக்கில் ஒரு வரப்பின் மேல் அந்த நாலு முட்டைகளைப் பார்த்தேன். கூடு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. திறந்த தரை, கொஞ்சம் குச்சி, மண் நிறத்தில் கறுப்புப் புள்ளி போட்ட முட்டைகள். தாயும் தகப்பனும் தலைக்கு மேலே கத்திக்கொண்டு சுற்றின. பறக்கும் படம் கிடைக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஏது? கால் மணி நேரம் அங்கேயே நின்று சுட்டுத் தள்ளினேன்.

பக்கத்துப் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த அம்மாதான் கூப்பிட்டார். "சார், கொஞ்சம் தள்ளி வாங்க. வெயில் ஏறுது. அது தண்ணியில வயித்த நனைச்சிக்கிட்டு வந்து முட்டை மேல உக்காரணும். நீங்க நின்னா எப்படி வரும்?"

அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன், அவர் சொன்னது சத்தியம். அடைகாப்பது என்றால் சூடு கொடுப்பது என்றுதான் நாம் நினைப்போம். உப்பளத்து வெயிலில் முட்டையைக் குளிர வைப்பதுதான் பெரிய வேலை. நிழல் இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் குஞ்சு வெந்துவிடும்.

வெட்கத்தை மறைக்க, "உங்களைப் பார்த்து பயப்படாதாம்மா?" என்று கேட்டேன்.

"நாங்க அதப் பாக்கறதில்லையே சார்" என்றார்.

அந்த பதில் இன்னும் என்னை விடவில்லை. ஆசையாகப் பார்க்க வந்தவன் நான்தானே? துப்பாக்கி எடுத்து வரவில்லை, கல்லெறியவில்லை. ஆனால் 1972-ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தைப் புரட்டினால், பறவையின் கூட்டையோ முட்டையையோ தொந்தரவு செய்வதும் 'வேட்டை' என்ற வார்த்தைக்குள்தான் வருகிறது. பறவைக்குத் துப்பாக்கியும் தெரியாது, லென்ஸும் தெரியாது. நெருங்கி வருகிற ரெண்டு கால்தான் தெரியும்.

நண்பர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். "பக்கத்துல இருக்கிற கழுவெளி 2021-ல சரணாலயம் ஆச்சு, 2024-ல ராம்சார் பட்டியல்ல வந்துச்சு. அங்க பறவை இருக்குன்னு ஊருக்குக் காட்டினது யாரு? நம்மள மாதிரி ஆளுங்கதானே?" என்பார். அதிலும் நியாயம் இருக்கிறது. படமே எடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் கழுவெளிக்கு ஆன நன்மையை, அந்த வரப்பில் இருந்த நாலு முட்டையின் தலையில் செலவாக எழுத எனக்கு யார் உரிமை கொடுத்தது?

பி.காம். படித்தவன் புத்தி வேறு எப்படிப் போகும்! ஒருவன் கணக்கில் வரவு என்றால் இன்னொருவன் கணக்கில் பற்று. அதே உப்பளத்தில் கொசு உள்ளான் என்று ஒரு பொடிப் பறவை உண்டு. எடை மிகக் குறைவு. சித்திரை, வைகாசிக்குள் கிளம்பி அது வட துருவத்தை ஒட்டிய சைபீரியா வரைக்கும் போய் முட்டையிட வேண்டும். அதற்காகச் சேற்றைக் கொத்திக் கொத்திக் கொழுப்பு சேர்க்கிற நேரம் இது. கூட்டமாகப் பறந்தால் படம் அழகாக வரும் என்று கை தட்டிக் கிளப்புகிறோமே, ஒவ்வொரு தட்டுக்கும் அதன் சேமிப்பிலிருந்து கொஞ்சம் போகிறது. நமக்குப் பெட்ரோல் செலவோடு சரி.

படத்தைப் போன மாதம் கழற்றிவிட்டேன். சுவரில் ஒரு சதுரம் மட்டும் வெளுப்பாக இருக்கிறது. "ஏங்க எடுத்துட்டீங்க, நல்லாத்தானே இருந்துச்சு?" என்று வீட்டில் கேட்டதற்குச் சரியாக பதில் சொல்ல வரவில்லை.

அந்த நாலும் பொரிந்ததா என்று தெரியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே போய்ப் பார்க்க மனசு அடித்துக்கொண்டது. பார்க்க வேண்டுமென்றால் மறுபடியும் அதே வரப்பில் போய் நிற்க வேண்டும். போகவில்லை.