நாவு மட்டுமா பேசுகிறது?





"நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையே!" வீட்டில் மனஸ்தாபம் வந்தால் நம்மில் பலர் முதலில் எடுத்து வைக்கும் சாக்கு இதுதான். உள்ளே மருமகள் அழுதுகொண்டிருப்பாள். வெளியே மாமியார் இப்படிச் சொல்லிக்கொண்டிருப்பார். அவர் சொல்வது பொய்யல்ல. வார்த்தை எதுவும் சொல்லவில்லைதான். ஆனால் மருமகள் காய்ச்சிய ஆணத்தை ஒரு வாய் வைத்தார்; தம் மகளை ஓரக்கண்ணால் பார்த்தார்; மகளும் உதட்டைச் சுழித்தாள்; தட்டு ஒரு விரற்கடை தள்ளி வைக்கப்பட்டது. அவ்வளவுதான் நடந்தது. இதில் பேச்சு இல்லை என்று யார் சொல்ல முடியும்?

நாவைக் காக்க வேண்டும் என்று எத்தனையோ பயான்களில் கேட்டிருக்கிறோம். ஆனால் கண்ணுக்கும் புருவத்துக்கும் கைக்கும் ஒரு நாவு உண்டு என்பதை மறந்துவிடுகிறோம். அல்லாஹ் மறக்கவில்லை. கண்கள் செய்யும் மோசடியையும் உள்ளங்கள் மறைப்பதையும் தான் அறிவதாக ஸூரத்துல் முஃமினில் கூறுகிறான். ஈமான் கொண்டவர்கள் கடந்து போகும்போது ஒருவருக்கொருவர் கண்ஜாடை காட்டிக்கொண்ட குற்றவாளிகளைப் பற்றி ஸூரத்துல் முதஃப்ஃபிஃபீனில் பேசுகிறான். மனிதர்களை விட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே என்பது லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்குச் செய்த உபதேசங்களில் ஒன்று.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் ஒருமுறை அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களின் குட்டையான உருவத்தைக் குறிப்பாகச் சுட்டினார்கள். கடல் நீரில் கலந்தால் கடலையே மாற்றிவிடக்கூடிய ஒன்றைச் சொல்லிவிட்டாய் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்ததாக அபூதாவூதிலும் திர்மிதியிலும் வருகிறது. கை ஜாடையாகக் காட்டினார்கள் என்று சொல்லும் அறிவிப்பும் உண்டு. ஆகவே புறம் பேச வாய் வேண்டும் என்பதில்லை. ஒரு விரல் போதும் என்று உலமாக்கள் எழுதியிருக்கிறார்கள்.

இதைவிட ஆழமான பாடம் ஒன்று உண்டு. குறைஷித் தலைவர்களிடம் நாயகம் (ஸல்) அவர்கள் தீனை எடுத்துரைத்துக்கொண்டிருந்த நேரம். கண் பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் வந்து குறுக்கிட்டார்கள். திருமுகம் சற்றுச் சுளித்தது, திரும்பியது. உடனே 'அபஸ' என்ற ஸூரா இறங்கிற்று. சிந்தித்துப் பாருங்கள். வந்தவருக்கோ கண் தெரியாது. அந்தச் சுளிப்பை அவர் பார்த்திருக்கவே முடியாது. அப்படியிருந்தும் அதைக் குறித்து வஹீ வந்தது. ஏன்? பார்ப்பவர் இல்லாவிட்டாலும் முகத்துக்கு ஒரு பொறுப்பு உண்டு என்று கியாமத் நாள் வரை வரும் உம்மத்துக்குக் கற்றுக்கொடுக்கவே. அதே தோழரைப் பிற்காலத்தில் மதீனாவின் முஅத்தின்களில் ஒருவராக நாயகம் (ஸல்) அவர்கள் ஆக்கினார்கள்.

பார்வையற்றவர் காணாத சுளிப்பே இவ்வளவு பெரிதென்றால், நம் குழந்தைகள் தினமும் காணும் சுளிப்பு எப்படிப்பட்டது? அமெரிக்க மனோதத்துவ நிபுணர் எட்வர்ட் ட்ரோனிக் என்பவரும் அவருடைய சகாக்களும் 1978-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். சில மாதக் குழந்தையோடு தாய் கொஞ்சி விளையாடுகிறாள். பிறகு சிறிது நேரம் அசைவில்லாத முகத்தோடு, பேசாமல், குழந்தையைப் பார்த்தபடி இருக்கிறாள். அடிக்கவில்லை, திட்டவில்லை, எழுந்து போகவுமில்லை. ஆனாலும் குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது. தாயை மீண்டும் தன் பக்கம் இழுக்க முயல்கிறது. கடைசியில் முகத்தையும் உடலையும் திருப்பிக்கொண்டு சோர்ந்துவிடுகிறது. பேச்சு அறியாத பச்சிளம் குழந்தைக்குக்கூட முகத்தின் மௌனம் புரிகிறது! இன்று கைபேசியில் கண்ணைப் பதித்துக்கொண்டே, "சொல்லு, கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்" என்று மகனிடம் சொல்லும் தகப்பன்மார் இதைச் சற்று யோசிக்க வேண்டும். நாயகம் (ஸல்) அவர்கள் ஒருவர் பக்கம் திரும்பினால் முழு உடலோடும் திரும்புவார்கள் என்று ஷமாயில் கிதாபில் காண்கிறோம். தம்மைக் கண்டபோதெல்லாம் நாயகம் (ஸல்) அவர்கள் புன்னகைத்ததாக ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் கூறுகிறார்கள். சகோதரனின் முகம் பார்த்துப் புன்னகைப்பது ஸதகா என்பது நாம் அறிந்த ஹதீஸ். காசில்லாதவனும் கொடுக்கக்கூடிய இந்த ஸதகாவை வீட்டுக்கு வெளியே தாராளமாகக் கொடுத்துவிட்டு, வாசற்படியேறியதும் நிறுத்திவிடுகிறோமே, இது நியாயமா?

இனி மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். முகமும் ஜாடையும் பேசுகின்றன என்பதால், அவற்றை நாம் சரியாகப் படித்துவிடுகிறோம் என்று ஆகாது. "முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன், அவன் பொய்யன்" என்று மார்தட்டுவோர் உண்டு. இப்படிப்பட்ட பற்பல ஆராய்ச்சிகளைச் சேர்த்து 2006-ல் பாண்டு, டிபாலோ என்ற இருவர் கணக்கிட்டார்கள். எதிரில் இருப்பவர் சொல்வது மெய்யா பொய்யா என்று மக்கள் சரியாகக் கண்டுகொண்டது சராசரியாக நூற்றுக்கு 54 தடவைதான். காசைச் சுண்டிப் பார்த்தாலே 50 வருமே! சந்தேகங்களில் பெரும்பாலானவற்றை விட்டு விலகுங்கள், சில சந்தேகங்கள் பாவமாகும் என்று ஸூரத்துல் ஹுஜுராத்தில் அல்லாஹ் எச்சரித்திருப்பதன் அருமை இங்கே விளங்குகிறது. ஸலாமுக்குப் பதில் சொல்லாதவர் அகந்தைக்காரர் என்று முடிவு கட்டுகிறோம். அவருக்குக் காது மந்தமாக இருக்கலாம். நம் விருந்தில் முகம் வாடியிருந்தவர் பொறாமைக்காரர் என்கிறோம். அவர் வீட்டில் நோயாளி இருக்கலாம்.

அப்படியானால் என்னதான் வழி? நாயகம் (ஸல்) அவர்களின் இறுதி நேரத்தைப் பாருங்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் நெஞ்சில் சாய்ந்திருக்கிறார்கள். அன்னையின் சகோதரர் அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள் கையில் மிஸ்வாக்கோடு உள்ளே வருகிறார்கள். நாயகத்தின் பார்வை அந்த மிஸ்வாக்கின் மீது நிற்கிறது. மிஸ்வாக்கை நேசிப்பவர்கள் என்பதால் அது வேண்டுமென்று அன்னை புரிந்துகொண்டார்கள். ஆனால் புரிந்துகொண்டதோடு நிறுத்தவில்லை. தங்களுக்காக வாங்கித் தரட்டுமா என்று கேட்டார்கள். ஆம் என்று தலை அசைந்தது. வாங்கினார்கள், மென்மையாக்கட்டுமா என்று மறுபடியும் கேட்டார்கள். மறுபடியும் தலை அசைந்தது. புகாரியில் உள்ள செய்தி இது. பார்வையைப் படிப்பது பிரியம். படித்த பிறகும் கேட்பது அதபு. இரண்டும் சேர்ந்ததே சுன்னத்தான குடும்ப வாழ்க்கை.

இந்த அதபை நான் கற்றுக்கொள்ள ஒரு விலை கொடுக்க நேர்ந்தது. விலை கொடுத்தது நானல்ல, ஒரு பெண்பிள்ளை. மதரஸாவிலிருந்து ஸனது வாங்கி வந்த புதிது. ஒரு சிற்றூரில் இமாமாக இருந்தேன். நிக்காஹுக்குச் சற்று முன்பு பெண்ணின் சம்மதம் கேட்க, இரண்டு சாட்சிகளோடு அறை வாசலில் போய் நின்றோம். மாப்பிள்ளை பெயரையும் மஹரையும் சொல்லிக் கேட்டோம். பெண்கள் கூட்டத்தின் நடுவே, முக்காட்டுக்குள் அந்தத் தலை அசைந்தது. விசும்பல் கேட்டது. "பெண்பிள்ளை அழத்தானே செய்யும்" என்றார் ஒரு பெரியவர். தஃப்தரில் எழுதிவிட்டு வந்தேன். ஏழெட்டு மாதம் கழித்து அந்தப் பெண்ணின் உம்மா என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், அன்றைக்குத் தலையை ஆட்டியது என் மகள் இல்லை. பின்னால் இருந்தவர்கள் பிடித்து அழுத்தினார்கள். நானும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்" என்றார். அந்த வாழ்க்கை பிரிவில் முடிந்தது. அந்தத் தஃப்தரில் இருந்தது என் கையெழுத்து.

கன்னிப்பெண்ணின் மௌனம் அவளுடைய சம்மதம் என்பது ஸஹீஹான ஹதீஸ். அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அது எதற்காக வந்தது? வெட்கப்படும் பெண்ணுக்கு இலகுவாக்க வந்தது. அவளுடைய வாயை மூட வந்ததல்ல. நம் ஃபுகஹாக்கள் எவ்வளவு நுட்பமாகப் பார்த்திருக்கிறார்கள் பாருங்கள்! ஹனஃபி மத்ஹபின் 'ஹிதாயா' கிதாபில், கேலியாகச் சிரித்தால் அது சம்மதமாகாது என்றும், சத்தமில்லாத கண்ணீர் மறுப்பாகாது என்றும் பிரித்துச் சொல்லப்பட்டிருக்கிறது. ஓலமிட்டு அழுதால் அது மறுப்பு என்றும் ஃபுகஹாக்கள் விளக்கியிருக்கிறார்கள். நெருங்கிய வலியோ அவர் அனுப்பியவரோ அல்லாத வேறொருவர் கேட்டால் மௌனம் போதாது, அவள் வாய் திறந்து சொல்ல வேண்டும் என்பதும் அங்கே உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் தகப்பனாரின் அதிகாரம் பற்றிய விவரங்கள் வேறு. ஆயினும் பெண்ணைக் கேட்பது விரும்பத்தக்கது என்றே அங்கும் இருக்கிறது. மணமாகி இருந்த கன்ஸா பின்த் கிதாம் (ரலி) அவர்களைத் தகப்பனார் அவர்கள் விருப்பத்துக்கு மாறாக மணமுடித்துக் கொடுத்தபோது, அந்த நிக்காஹை நாயகம் (ஸல்) அவர்கள் ரத்துச் செய்தார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆகவே பெற்றோர்களே! பந்தல் போட்டு, பிரியாணி தேக்சா அடுப்பில் ஏறிய பிறகு கேட்பது கேள்வியல்ல, அது சடங்கு. பேச்சு முடிக்கும் முன்பே, கூட்டமில்லாத நேரத்தில், அவள் மனம்விட்டுப் பேசும் ஒருத்தியை வைத்துக் கேளுங்கள். 'வேண்டாம்' என்று சொன்னாலும் இந்த வீட்டில் எனக்கு இடமுண்டு என்ற தைரியத்தை முதலில் கொடுத்துவிட்டுக் கேளுங்கள். சாப்பாடு இறங்கவில்லையா, தூக்கமில்லையா, தோழியரிடமும் பேச்சில்லையா என்று பாருங்கள். பார்த்ததை வைத்து நீங்களே முடிவு செய்துவிடாமல், அவள் வாயால் சொல்லக் கேளுங்கள். நான் அன்றிலிருந்து அவளுடைய குரலைக் கேட்காமல் தஃப்தரைத் திறப்பதில்லை.

சகோதரர்களே! ஒரு நாள் வர இருக்கிறது. அன்று வாய்களுக்கு முத்திரை இடப்படும், கைகள் பேசும், கால்கள் சாட்சி சொல்லும் என்று யாஸீன் ஸூராவில் ஓதுகிறோம். "நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையே" என்ற சாக்கை அன்று சொல்ல வாய் இருக்காது. தட்டைத் தள்ளிய கை தள்ளியதைச் சொல்லும். தலையைப் பிடித்து அழுத்திய கை அழுத்தியதைச் சொல்லும். கையெழுத்துப் போட்ட என் கையும் சொல்லும். அழும் பிள்ளையின் கண்ணீரைத் துடைத்த கையும் அன்று பேசத்தான் செய்யும்.

நம் கைகள் அன்று நமக்குச் சாதகமாகப் பேசும்படியான வாழ்க்கையை அல்லாஹ் நமக்கும் நம் குடும்பத்தாருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.