கேட்டு எடுத்ததும் கேளாமல் எடுத்ததும்

1982இல் மெட்டாலிகா ராக் குழுவின் பெயர் வெளியுலகுக்குத் தெரியாது. முதல் ஆல்பம் வருவதற்கு ஓராண்டு முன்பு அவர்கள் பதிவுசெய்த ‘நோ லைஃப் டில் லெதர்’ என்ற மாதிரி கேசட், ரசிகர்கள் கையில் பிரதிக்குப் பிரதி பெருகி ஊர் ஊராகப் போனது. யாரும் காசு கொடுக்கவில்லை. குழுவுக்குப் பெயர் கிடைத்தது.

அதே குழுதான் 2000 ஏப்ரலில், பாட்டுக் கோப்புகளை இணையத்தில் பகிர உதவிய நாப்ஸ்டர் மீது வழக்குத் தொடுத்தது. ‘ஐ டிஸப்பியர்’ பாட்டின் முடிவுறாத வடிவம் நாப்ஸ்டரில் பரவி, அதிகாரபூர்வமாக வெளிவரும் முன்பே வானொலியில் ஒலித்துவிட்டது. டிரம்மர் லார்ஸ் உல்ரிக் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பயனர்களின் பெயர்களைப் பெட்டி பெட்டியாக நாப்ஸ்டர் அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். கணக்குகள் முடக்கப்பட்டன. ஏறி வந்த ஏணியை எட்டி உதைக்கிறார்கள் என்று ரசிகர்கள் கொதித்தார்கள்.

ஏச்சு பொருத்தமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் நியாயம் குழுவின் பக்கம். கேசட், அவர்களே ஊருக்குப் பரிமாறியது. பாட்டோ, அடுப்பில் பாதி வெந்திருக்கும்போதே பிறர் அள்ளிக்கொண்டு போனது. சொந்த ரசிகர்களின் பட்டியலைச் சுமந்துபோன காட்சி அழகாக இல்லைதான். அழகின்மை வேறு, அநியாயம் வேறு.

கிரேட்ஃபுல் டெட் குழுவின் கதை இதற்கு நேர் எதிர். 1984 முதல் தங்கள் கச்சேரிகளில் ஒலிப்பதிவு செய்வோருக்கென்றே தனி இடம் ஒதுக்கினார்கள். விற்கக் கூடாது என்பதே நிபந்தனை. 2005இல் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்திலிருந்து அந்தப் பதிவுகளை இறக்கிக்கொள்ளும் வசதி திடீரென நிறுத்தப்பட்டபோது ரசிகர்கள் கொந்தளித்தார்கள். பார்வையாளர்கள் பதிவுசெய்தவை மீண்டும் கிடைத்தன. மேடை ஒலிப்பலகையிலிருந்து எடுத்தவற்றைக் கேட்க மட்டுமே முடிந்தது. இருபது ஆண்டுகள் திறந்திருந்த கதவைச் சொல்லாமல் சாத்தினால், சட்டம் துணை நின்றாலும் மனம் ஒப்பாது.

இவற்றைவிடச் சிக்கலானவை, கடையிலும் கிடைக்காமல் இணையத்திலும் விற்பனைக்கு வராமல் நிறுவனத்தின் அலமாரியில் தூங்கும் பழைய ராக் ஆல்பங்கள். அவற்றைப் பகிர்பவர், யாருக்கும் நஷ்டமில்லை என்கிறார். பாதி உண்மை. வயதான கிட்டார் கலைஞர் ஒருவர் மறுவெளியீட்டுக்கு முயலும் நாளில், இலவசக் கோப்பு அவருக்கு முன்னே போய் நிற்கும். விளம்பரம் போட்டுக் காசு பார்ப்பவருக்கோ இந்த வாதமே கிடையாது.

நீக்கச் சொல்பவர்களும் சுத்தமில்லை. அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, கோரிக்கை வந்ததும் உடனே நீக்கினால்தான் தளத்துக்குப் பாதுகாப்பு. எனவே தளங்கள் முதலில் நீக்கிவிடுகின்றன, விசாரணை பிறகுதான். 2007இல், பாடகர் பிரின்ஸின் பாட்டுக்குக் குழந்தை ஆடும் 29 நொடிக் காணொளியைக்கூட யுனிவர்சல் இசை நிறுவனம் நீக்கச் சொன்னது. நியாயமான பயன்பாடா என்று எண்ணிப் பார்த்த பிறகே கோரிக்கை அனுப்ப வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளிக்க 2015 ஆகிவிட்டது.

படைத்தவரோ உரிமையாளரோ கேட்டால், பகிர்ந்தவர் வாதாடாமல் கோப்பை எடுத்துவிட வேண்டும். அந்த ஆல்பத்தை இனி எங்கே வாங்கலாம் என்று அதே கடிதத்தில் ஒரு வரி எழுதுவது நிறுவனத்தின் கடன்.