அழுந்தியறிதல்: மாணாக்கர் கடன்

திருச்சிற்றம்பலம்



கற்பார் தம் கற்றலைத் தாமே நெறிப்படுத்திக் கோடலும், அதன்கண் ஊக்கந் தளராது தம்மைத் தாமே செலுத்திக் கோடலும் எங்ஙனம் என்பது ஈண்டு ஆராயற்பாலது. ஆசிரியன் முன்னிலையில் இருந்து கேட்கும் நாழிகை சிறிது. தனித்திருக்கும் நாழிகை பெரிது. ஆசிரியன் நீங்கியவழி மாணாக்கனை ஆள்வார் யாவர் என்பதே வினா.

இவ்வினா நம் சித்தாந்தத்திற்கு ஓர் இடர்ப்பாடு விளைப்பது போலத் தோன்றும். உயிர் தானே அறியும் இயல்பினதன்று, அறிவிக்க அறிவது என்பது நம் துணிபு. அங்ஙனமாயின் மாணாக்கன் தன்னைத் தான் செலுத்துதல் யாங்ஙனங் கூடும்? எல்லாம் அறிவிப்பான் செயலெனின், அவன் வாளா இருத்தலே அமையும்; மாணாக்கன் செயலேயெனின், அறிவிப்பான் வேண்டப்படான் எனின், இரண்டும் பொருந்தா.

என்னை? கண்ணுக்குக் காணும் ஆற்றல் உண்டு. ஆயினும் உயிர் உடன்கூடாதவழி அது காணமாட்டாது. உயிர் கண்ணுக்குப் பொருளைக் காட்டி, அதனோடு உடனின்று தானுங் காண்கின்றது. அதுபோல, இறைவனும் உயிர்க்குக் காட்டியும் உடனின்று கண்டும் உபகரிக்கின்றான் என்பது சிவஞானபோதத்துப் பதினோராஞ் சூத்திரத்தாற் பெறப்படும். காட்டலும் காண்டலும் அவன் உபகாரம். அறியப்படும் பொருளின்கண் அழுந்தியறிதல் உயிரின் தொழில். பாலூட்டுவாள் தாயே, அதனை விழுங்கவேண்டுவது குழவியே. தாய் ஊட்டுகின்றாள் என்பது பற்றிக் குழவி வாய் மூடியிருப்பின், பசி தீருமாறு யாது?

ஆகவே, மாணாக்கன் தன்னை ஆளுதல் என்பது இறைவனது உபகாரத்தை விலக்கித் தான் முதலாய் நிற்றலன்று. அவ்வுபகாரத்தின்கண் அழுந்துதற்குத் தன்னை ஒருப்படுத்தலே என்க.

இனி, இவ்வழுந்துதற்குரிய கருவிகளும் நமக்குத் தரப்பட்டன. ஆணவ இருளிற் கிடந்த உயிரின் இச்சையை அராகமும், ஞானத்தை வித்தையும், கிரியையைக் கலையும் ஒருசார் விளக்குகின்றன. கல்வியிலும் இம்மூன்றே வேண்டுவன: கற்கவேண்டும் என்னும் விழைவு, தான் அறிந்ததும் அறியாததும் இவையென்னும் உணர்வு, இடையறாப் பயிற்சி. இக்காலத்து மேனாட்டுக் கல்வியாராய்ச்சியாளரும், கற்பான் முன்னர் எண்ணித் துணிதல், கற்குங்காற் தன்னைக் கண்காணித்தல், பின்னர்த் தன்னை ஆராய்தல் என இதனை மூன்று நிலையாகப் பகுத்துக் கூறுவர்.

விழைவாவது யாது? பாராட்டும் பட்டமும் நோக்கிப் பிறக்கும் விழைவு அவை கிடைத்த அன்றே அவிந்துபோம். பொருளையே நோக்கிப் பிறப்பதோ வளரும். திருவாவடுதுறை ஆதீன மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் (1815–1876) இளமையில் தண்டியலங்காரம் பாடங் கேட்க விரும்பினார்கள். அதனை அறிந்திருந்தவர் திரிசிரபுரத்தில் வீடுதோறும் இரந்துண்டு திரிந்த ஒரு பரதேசி. பிள்ளையவர்கள் அவர் செல்லுமிடமெல்லாம் உடன்சென்று, வேண்டுவன உதவி, அந்நூற்பொருளைக் கேட்டறிந்தார்கள். இச்செய்தியை அவர்கள் மாணாக்கராகிய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் அச்சரித்திரத்தில் எழுதியிருக்கின்றார்கள். அங்ஙனஞ் செல்லுமாறு பணித்தார் எவருமிலர். பொருளின்மேற் சென்ற வேட்கையே அவர்களைச் செலுத்தியது.

உணர்வாவது தன் அறியாமையைத் தான் காண்டல். சகலாகம பண்டிதர் எனப் போற்றப்பெற்ற அருணந்தி சிவாசாரியர், வயதில் இளையராகிய மெய்கண்டாரிடஞ் சென்று ஆணவ மலத்தின் இயல்பு யாதென வினாவினர். மெய்கண்டார் விடை மொழியாது அவரையே அடிமுதல் முடிகாறும் நோக்கினர் என்பது மரபுவழிச் செய்தி. அந்நோக்கின் பொருளை அருணந்தியார் தாமே உணர்ந்தனர். உணர்ந்த அக்கணமே மாணாக்கராயினர். பின்னர் இருபா இருபஃதில் தம் ஐயங்களை ஆசிரியர்பால் வினாவாகவே வைத்தனர். எல்லாம் கற்றார்க்கும் கல்லாதது யாதெனக் காட்டியது இவ்வுணர்வே. இஃதில்லார் அறிந்ததனையே பன்முறை ஓதி, அறியாததன் அருகுஞ் செல்லார்.

பயிற்சியாவது யாது? நன்னூலார் ஆசிரியனிடங் கேட்டலாற் காற்பங்கும், உடன்கற்பாரோடு பயிறலாற் காற்பங்கும், பிறர்க்கு எடுத்துரைத்தலால் எஞ்சிய அரைப்பங்கும் புலமை நிரம்பும் என்றார். எனவே, முக்காற்பங்கு ஆசிரியன் முன்னிலைக்குப் புறத்தே நிகழ்வதாயிற்று. சித்தாந்தம் பயில்வார்க்கு இதற்கு எளிய வழி ஒன்றுண்டு. மெய்கண்டார் தம் நூலை மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என வகுத்தருளினர். அன்று கேட்ட பகுதியை மாலையில் ஏட்டை மூடிவைத்து, இதன் மேற்கோள் யாது, ஏது யாது, எடுத்துக்காட்டு இதற்கு எங்ஙனம் பொருந்தும் எனத் தன்னைத் தானே வினாவுக. விடை வாராதவிடம் எதுவோ, அதுவே மறுநாள் ஆசிரியனை வினாவற்பாலது. மேற்கோளை மட்டுஞ் சொல்லி ஏதுவைச் சொல்லமாட்டாதான் கேட்டான் ஆவனேயன்றிச் சிந்தித்தான் ஆகான்.

இதனை இத்துணை வற்புறுத்துவது எற்றுக்கெனின், கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டைகூடல் என்னும் நான்கனுள் முதலாவதற்கே ஆசிரியன் வாய்மொழி நேரே துணையாவது. ஏனைய மூன்றும் அவன் அருள்வழி நின்று மாணாக்கனே புரியவேண்டுவன. ஒருவன் பொருட்டு மற்றொருவன் சிந்தித்தலும் தெளிதலும் கூடா. இஞ்ஞான்று சாத்திரம் பதினான்கும் கைப்பேசியிலேயே எளிதிற் கிடைக்கின்றன. சித்தாந்த வகுப்புக்களும் ஊர்தோறும் நடைபெறுகின்றன. கேட்டற்குக் குறைவில்லை. ஆயின், தேர்வு முடிந்தவழி ஏட்டை மூடுவாரும் பலர். அன்னோர்க்குச் சித்தாந்தம் நாவளவின் நின்று, பாசநீக்கத்திற்குப் பயன்படாதொழியும்.

ஆசிரியர்க்கும் ஈண்டு ஒரு கடன் உண்டு. வினாவிய உடனே விடையிறுத்தல் எஞ்ஞான்றும் உதவியாகாது. மெய்கண்டார் மொழியாது நோக்கியதுபோல, மாணாக்கன் தானே காணும் அளவும் பொறுத்திருத்தலும் அருளேயாம்.

காட்டுவானும் உடனின்று காண்பானும் என்றும் நீங்காது நிற்கின்றான். நாம் அழுந்துதலே வேண்டுவது. அதற்குரிய விழைவும் உணர்வும் பயிற்சியும் கற்பார் யாவர்க்கும் பெருகுமாறு கூத்தப்பெருமான் திருவடிகளை வழுத்துவோமாக.

மேன்மைகொள் சைவம் தழைக்க!