கறவை வற்றிய பிறகு

இலங்கையின் சப்ரகமுவ மாகாணத் தோட்டங்களில் மாடு வளர்ப்பு இரண்டாவது வேலை. கொழுந்து எடுத்து முடிந்த பிறகு, இறப்பர் பால் வெட்டி முடிந்த பிறகு அது தொடங்குகிறது. யட்டியாந்தோட்டை, தெரணியகலை, இறக்குவானை, பலாங்கொடைப் பக்கங்களில் லயத்துக்குப் பின்னால் தகரம் போட்ட மாட்டுப்பட்டிகளைப் பார்க்கலாம். மாலையில் மலையிலிருந்து இறங்கும் பெண்ணின் தலையில் புல்லுக்கட்டு இருக்கும். மழை நாளென்றால் புல்லோடு அட்டையும் வீடு வந்து சேரும். விடியற்காலையில் பிரட்டுக்கு, அதாவது காலை ஆளெடுப்புக்கு, போகுமுன் சாணம் வழித்து, பால் கறந்து, கேனை அனுப்பியாக வேண்டும். பிள்ளைகளின் கொப்பிச் செலவும் கடைக்கடனும் அந்தக் கேனை நம்பித்தான் இருக்கின்றன.

தைப்பொங்கலுக்கு மறுநாள் பால் தரும் பசுவைக் குளிப்பாட்டி, கொம்புக்கு மஞ்சள் பூசி, நெற்றியில் குங்குமம் வைத்துப் பொங்கல் ஊட்டுவார்கள். லெட்சுமி என்று பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். சில ஈற்றுக்குப் பிறகு சினை பிடிக்காமல் போனால், அதே லெட்சுமியைப் பார்க்க வியாபாரி வருகிறார். எங்கே கொண்டுபோகிறார் என்று அவரிடம் யாரும் கேட்பதில்லை. எல்லோருக்கும் தெரியும். பழைய கயிற்றை மட்டும் கொடுக்க மனம் வராது; கழற்றிப் பட்டியின் கூரையில் செருகி வைத்துவிடுவார்கள்.

விற்றவருக்குப் பாவம் உண்டா? மாட்டிறைச்சியை வாயில் வைக்காத வீடுகளில்தான் இந்தக் கேள்வி அதிகம் வலிக்கிறது.

ஆட்டுக்கு இந்தச் சிக்கல் இல்லை. முனியாண்டிக்கோ மாடசாமிக்கோ, தொழிற்சாலைச் சக்கரத்தைக் காக்கும் ரோதைமுனிக்கோ நேர்ந்துவிட்ட கிடாய் அன்றிலிருந்தே சாமியுடையது. வெட்டும் நாளில் மாலை போட்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டுக் காத்திருப்பார்கள். கிடாய் உடம்பை உதறித் தலையைச் சிலுப்பினால் உத்தரவு கிடைத்துவிட்டது. அசையாமல் நின்றால் கூட்டமே பதறும். மறுபடி தண்ணீர், மறுபடி வேண்டுதல், “என்ன குறை வச்சோம், சொல்லு சாமி” என்று கெஞ்சல். ஈரம் பட்டால் எந்த ஆடும் உதறத்தான் செய்யும். ஆனாலும் உயிரை எடுக்குமுன் ஒரு சம்மதம் வேண்டும், அதுவும் ஊரறிய வேண்டும் என்பதை அந்தச் சடங்கு ஒப்புக்கொள்கிறது. பலியை நிறுத்தச் சொல்பவர்கள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் பலித் தடைக்கான 1950ஆம் ஆண்டுச் சட்டத்தை 2003இல் கடுமையாக நடைமுறைப்படுத்தப் போய், மறு ஆண்டே அந்தச் சட்டத்தை நீக்க வேண்டி வந்தது.

பசுவை விற்கும்போது சம்மதமும் கேட்பதில்லை, சாட்சிக்கும் ஆளில்லை.

அங்குத்தர நிகாயத்தில் புத்தர் இல்லறத்தாருக்கு ஐந்து வணிகங்களை விலக்குகிறார்: ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு. அதே புத்தர் ஜீவக சூத்திரத்தில், தனக்காகக் கொன்றதாகக் காணாத, கேளாத, ஐயுறாத இறைச்சியைத் துறவி ஏற்கலாம் என்கிறார். உண்பவருக்கு ஒரு வழி இருக்கிறது, விற்பவருக்கு இல்லை. வள்ளுவர் புலால் மறுத்தல் அதிகாரத்தில் நேர்மாறாகப் பொறுப்பை வாங்கித் தின்பவர் பக்கம் திருப்புகிறார். தோட்டத்துப் பட்டியின் பக்கம் நின்று பார்த்தால் வள்ளுவர் சொல்வதுதான் சரியாகப் படுகிறது. அதையும் இன்னொரு படி நீட்டியாக வேண்டும், ஏனென்றால் பால் குடிப்பவரும் இந்தக் கணக்கில் வருகிறார். பசு ஈன்றால்தான் பால். ஈனும் கன்றுகளில் ஏறக்குறைய பாதி காளைக்கன்று. தேயிலைச் சரிவில் ஏர் கிடையாது, வண்டியும் கிடையாது; சினைக்கும் ஊசி வந்துவிட்டது. வேலையில்லாத அந்தக் காளைக்கன்றை எந்த வீடு எத்தனை காலம் கட்டிவைத்துத் தீனி போடும்? நகரத்தில் பால்தேநீர் குடிப்பவர் அந்தக் கன்றைப் பார்ப்பதேயில்லை.

மாடறுப்பை நிறுத்தக் கோரிப் பௌத்த துறவி போவத்தே இந்திரரத்தன தேரர் 2013 மே 24, வெசாக் நாளன்று கண்டி தலதா மாளிகை முன்பாகத் தீக்குளித்து, மறுநாள் இறந்தார். இரத்தினபுரி மாவட்டத்தவரான அவர், பெல்மதுளை பிரதேச சபையில் உறுப்பினராக இருந்தவர். உயிர்கள்மீது அவருக்கு இருந்த இரக்கத்தை யாரும் சந்தேகிக்க முடியாது. ஆனால் அந்தக் காலத்தில் மாடறுப்பு எதிர்ப்பு, முஸ்லிம் வியாபாரிகள் மீதான வெறுப்போடு கலந்து போனது. கத்தி பிடித்தவர்மேல் பழியைப் போட்டுவிட்டால் மாட்டைப் பிடித்துக் கொடுத்தவரும் பாலைக் குடித்தவரும் தப்பிவிடுகிறார்கள். அது கருணை ஆகாது.

2020 செப்டெம்பரில் இலங்கை அமைச்சரவை மாடறுப்புத் தடைக்குக் கொள்கையளவில் இணங்கியது. அதே முடிவில், உண்பவர்களுக்காக மாட்டிறைச்சியை இறக்குமதி செய்து சலுகை விலையில் கொடுக்கலாம் என்றும் இருந்தது. வேறு நாட்டு மாட்டின் உயிர் மட்டும் எப்படி மலிவாகிறது? எந்தச் சமயத்தைக் கொண்டும் இதை நியாயப்படுத்த முடியாது. வேலைக்கு உதவாத முதிய மாடுகளுக்குத் தகுந்த திட்டம் ஒன்று வேண்டும் என்ற வரியும் அதில் இருந்தது. தோட்டத்தில் மாடு வளர்க்கும் தொழிலாளருக்கு வேண்டியது அந்த வரிதான்.

பட்டி நிற்கும் நிலம்கூட அவருக்குச் சொந்தமில்லை. மேய்ச்சல் தரையும் கிடையாது. வற்றிய பசுவை வைத்துக் காப்பாற்றுவதென்றால் தினமும் ஒரு புல்லுக்கட்டு, அதை அறுத்துச் சுமக்க ஒரு பெண்ணின் கழுத்து. புண்ணியம் முழுவதையும் அவள் தலையில் ஏற்றிவிட்டுப் பாவமும் அவளுடையதே என்று சொல்வது அநியாயம்.

கைவிட்டுக் காடாகிக் கிடக்கும் தேயிலை மலைகளில் ஒரு பகுதியை மேய்ச்சலுக்கு விடலாம். பால் வாங்கும் நிறுவனங்கள் லீற்றருக்கு இவ்வளவு என்று முதிய மாட்டுக்காக ஒதுக்கலாம். அறுப்புக்குப் போகும் மாடுகளை மீட்டு ஏழைக் குடும்பங்களுக்குக் கொடுக்கும் விகாரைகள், கொடுத்த பின் தீவனத்துக்கும் கைகொடுக்கலாம். பொங்கலுக்குப் பசுவை வணங்கச் சொல்லும் தோட்டத்துக் கோயில்களும் வருடாந்தத் திருவிழாக் கணக்கில் புல்லுக்கென்று ஒரு தொகை எழுதட்டும்.