பத்தரை மணிச் சோறு

எங்கள் வீட்டில் இரவு பத்தரை மணிக்கு ஒரு சாப்பாட்டு வேளை உண்டு. குழைய வடித்த சோறு ஒரு கைப்பிடி, அதில் உதிர்த்த பன்னீர் கொஞ்சம், உப்பு கிடையாது. சாப்பிடுகிறவன் அப்பு. பத்து வயது தாண்டிய வெள்ளை ஸ்பிட்ஸ், எட்டுக் கிலோ இருப்பான். கல்லீரல் நோய் என்று தெரிந்தபின் இரண்டு வேளைச் சாப்பாடு நான்காகப் பிரிந்தது. இந்தப் பத்தரை மணிச் சோறு ஐந்தாவதாகச் சேர்ந்தது. மருந்துகளையெல்லாம் சீட்டில் எழுதிய டாக்டர், ஒன்றை மட்டும் வாயால் இரண்டு தடவை சொன்னார்: "ராத்திரி முழுக்க வயித்தைக் காயப் போடாதீங்க."

நோய் பெரியது, அந்த வாக்கியம் சின்னது. ஆனாலும் அவனைப் பார்த்துக்கொள்வதில் பாதி அதற்குள் இருக்கிறது.

*

நல்ல உடம்புள்ள நாய்க்கு ஓர் இரவுப் பட்டினி பொருட்டே இல்லை. தின்ற சோற்றின் சர்க்கரையில் ஒரு பங்கை, குதிரில் நெல் கொட்டிவைப்பதுபோலக் கல்லீரல் கிளைக்கோஜனாகச் சேர்த்துவைக்கிறது. வயிறு காலியானதும் அதை எடுத்து ரத்தத்தில் விடுகிறது. அதுவும் குறைந்தால் அமினோ அமிலங்களிலிருந்து புதிதாகச் சர்க்கரை செய்துகொள்கிறது. சாப்பாட்டுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் எத்தனை மணி நேரம் போனாலும், நாயின் ரத்தச் சர்க்கரை ஒரு டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 80 முதல் 120 மில்லிகிராமுக்குள் நிற்பது இதனால்தான். 60க்குக் கீழே போனால் குறைவு. அதற்கும் கீழே போகப் போக மூளைதான் முதலில் தவிக்கிறது, மூளைக்கென்று பெரிய சேமிப்பு கிடையாது.

கல்லீரலின் பொறுமை பெரியது. அதன் வேலைத்திறனில் முக்கால் பங்குக்குக் கிட்ட இழந்தபிறகே சர்க்கரை இறங்கத் தொடங்கும். கல்லீரலுக்குள் நுழையாமல் சுற்றிக்கொண்டு போகும் ரத்தக்குழாயோடு பிறக்கும் சின்ன இனக் குட்டிகளுக்கு இது சீக்கிரமே வரலாம். அப்புவைப் போன்ற வயதான நாயிடம் வந்தால், கையிருப்பு குறைந்துவிட்டது என்று பொருள்.

ரத்தப் பரிசோதனைத் தாளில் எல்லோர் கண்ணும் எஸ்ஜிபிடி எண்ணிலேயே நிற்கிறது. என் கண்ணும் அங்கேதான் நின்றது. அந்த எண் கல்லீரல் செல்கள் எவ்வளவு அடிபடுகின்றன என்று சொல்லும். வேலை எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதைச் சொல்பவை வேறு: ஆல்புமின், யூரியா, கொலஸ்ட்ரால், சர்க்கரை. இந்த நான்கும் சேர்ந்து கீழே வந்தால், எஸ்ஜிபிடி குறைந்திருப்பதைப் பார்த்து மகிழ முடியாது. அடிபடுவதற்கு அதிகம் மிச்சமில்லை என்பதாலும் அது குறையும்.

*

கல்லீரலும் சர்க்கரையும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை மனிதர்கள் நாய்களிடமிருந்துதான் அறிந்தார்கள். 1848இல் பாரிஸில் உடலியலாளர் கிளாட் பெர்னார், இறைச்சி மட்டுமே தின்ற நாயின் கல்லீரலிலிருந்து வெளியேறும் ரத்தத்தில் சர்க்கரையைக் கண்டார். தாவரங்கள்தாம் சர்க்கரை செய்யும், விலங்கு அதைச் செலவழிக்க மட்டுமே செய்யும் என்று நம்பியிருந்த காலம் அது. பிறகு, நாயின் கல்லீரலில் தண்ணீரைப் பாய்ச்சி, சர்க்கரை துளியும் இல்லாமல் கழுவி வைத்தார். மறுநாள் பார்த்தால் அதில் மறுபடியும் சர்க்கரை. 1857இல் கிளைக்கோஜனைப் பிரித்தெடுத்தார். அவருடைய மனைவியால் இந்தச் சோதனைகளைப் பொறுக்க முடியவில்லை. இருவரும் பிரிந்தார்கள். மனைவி விலங்குகளின் பக்கம் நின்றார்.

1920களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிராங்க் மேனும் தாமஸ் மகாத்தும் கல்லீரலை முழுவதுமாக எடுத்துவிட்ட நாய்களைக் கவனித்தார்கள். அறுவை முடிந்து தேறி நடமாடிய நாய்கள், சில மணி நேரத்தில் தளர்ந்து விழுந்தன. உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. ரத்தத்தில் சர்க்கரை இறங்கியிருந்தது. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றியதும், சாகக் கிடந்த நாய் எழுந்து நடந்தது. கொஞ்ச நேரத்துக்குத்தான். கல்லீரல் இல்லாமல் எந்த நாயும் நிலைக்கவில்லை.

அந்த நாய்களை நினைக்காமல் என்னால் குளுக்கோஸ் டப்பாவைத் திறக்க முடிவதில்லை. பெயர் தெரியாத அவை பட்ட பாட்டில் வந்த அறிவு, இப்போது எங்கள் சமையலறை அலமாரியில் மஞ்சள் தூளுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

*

அப்புவுக்கு இரண்டு வகைத் தள்ளாட்டம் வரக்கூடும். கூடத்தில் நடந்து வரும்போது பின்னங்கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். வாசல்படிக்கு முன்னால் நின்று எங்கோ பார்ப்பான். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

ஒன்று பசித் தள்ளாட்டம். விடிகாலையில், அல்லது ஒரு வேளை தள்ளிப்போனால் வரும். உடம்பு நடுங்கும், சோர்ந்து கிடப்பான், கூப்பிட்டால் தலை மட்டும் திரும்பும். இது சர்க்கரை இறங்கியது.

மற்றது, பெரும்பாலும் சாப்பிட்டு ஓரிரு மணி நேரம் கழித்து வருவது. புரதம் செரிக்கும்போது குடலில் உண்டாகும் அம்மோனியாவைக் கல்லீரல் யூரியாவாக மாற்ற முடியாமல் போய், அது மூளைக்கு ஏறுகிறது. சுவரில் தலையை முட்டுக்கொடுத்து நிற்பதும், ஒரே திசையில் வட்டமடிப்பதும், வாயில் எச்சில் ஒழுகுவதும் இதன் அடையாளங்கள். இதற்குத்தான் லாக்டுலோஸ் கொடுக்கிறார்கள். அது பெருங்குடலில் புளித்து, அம்மோனியாவை அங்கேயே பிடித்து மலத்தோடு வெளியேற்றுகிறது.

வேளையை வைத்து ஊகிக்கலாம், உறுதி சொல்ல முடியாது. சர்க்கரை இறங்கினால் அம்மோனியாவின் மயக்கமும் கூடும், இரண்டும் கைகோத்து வரும். அதனால் காதோரத்தில் ஒரு துளி ரத்தம் எடுத்துக் குளுக்கோமீட்டரில் பார்ப்பதுதான் வழி. காதைக் கையில் வைத்து வெதுவெதுப்பாக்கி, முடியை விலக்கி, ஓரத்தில் மெல்லக் குத்தினால் துளி தானாக எழும். அப்பு அந்த நேரத்தில் என் மணிக்கட்டை நக்கிக்கொண்டிருப்பான்.

மனிதர்களுக்கான மீட்டர் நாயின் சர்க்கரையைப் பெரும்பாலும் உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். நம் ரத்தத்தில் சர்க்கரையின் கணிசமான பங்கு சிவப்பணுக்களுக்குள்ளும் இருக்கிறது, நாய்க்கு அதில் பெரும்பகுதி அணுக்களுக்கு வெளியே உள்ள நீரில் இருக்கிறது. மீட்டரின் கணக்கு நமக்காகப் போட்டது. ரத்தசோகை இருந்தால் எண் மேலே போகவும் கூடும். எனவே மீட்டர் சொல்வதையும் நாய் சொல்வதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். எண் நன்றாக இருந்து நாய் தள்ளாடினால், டாக்டருக்குப் போன் போட வேண்டியதுதான்.

*

கல்லீரல் நோய் என்றதும் கறி முட்டை எல்லாவற்றையும் நிறுத்தி வெறும் கஞ்சியில் போட்டுவிடும் வழக்கம் நம் ஊரில் உண்டு. இது நாயை இளைக்கவைக்கும் வழி. புரதம் கிடைக்காவிட்டால் உடம்பு தன் தசையையே தின்னும். தசைதான் கல்லீரலுக்கு அடுத்தபடியாக அம்மோனியாவை வாங்கிக்கொள்ளும் இடம், அதையும் இழந்தால் வேறு என்ன மிஞ்சும்? மூளைக் குழப்பம் வந்த நாய்க்குக்கூட டாக்டர்கள் புரதத்தை அளவாக்குகிறார்களே தவிர அறவே நிறுத்துவதில்லை. முட்டை, பன்னீர், தயிர் ஆகியவற்றின் புரதம் சிவப்பு இறைச்சியைவிட எளிதில் ஒத்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை முட்டை கிடையாது, அன்றைக்குப் பன்னீர் கூடும்.

"ஈரல் நோய்க்கு ஈரலே போடு" என்று கறிக்கடையில் சொல்வார்கள். ஈரலில் செம்பு அதிகம். நோயுற்ற கல்லீரலில் ஏற்கெனவே செம்பு தேங்கியிருக்கக்கூடும். கீழாநெல்லி அரைத்துக் கொடு என்று சொல்பவர்கள் இன்னும் அன்பானவர்கள். மனிதருக்குக் காமாலைக்குக் கொடுப்பதை நாய்க்கும் கொடுக்க, டாக்டரைக் கேட்காமல் கை போகக் கூடாது.

பெரிய ஆபத்து சாப்பாட்டில் இல்லை, சாப்பிடாத நாளில் இருக்கிறது. தீபாவளி அப்படிப்பட்ட நாள். வெடிச் சத்தத்தில் கட்டிலுக்கடியில் போய்ச் சுருண்டுகொள்வான், சோற்றை முகர்ந்தும் பார்க்க மாட்டான். அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "ஒரு வாய்டா கண்ணு" என்று விரலில் தயிர்சோற்றை எடுத்து நீட்டிக்கொண்டே இருப்பாள். பட்டாசு விட்ட இடைவெளியில் அவன் நாக்கு வெளியே வரும். சங்குசக்கரத்துக்கும் சரவெடிக்கும் நடுவில், அம்மாவின் விரலளவு சோறு உள்ளே போகும். அந்த இரவில் கல்லீரலின் வேலையை அவள் விரல் செய்கிறது என்று எனக்குத் தோன்றும்.

பரிசோதனைக்கு முன் பன்னிரண்டு மணி நேரம் பட்டினி என்று ஆய்வகத்தில் சொல்வார்கள். பல் சுத்தம் செய்ய மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்னும் அப்படியே. கல்லீரல் நோயுள்ள நாய்க்கு அந்தப் பட்டினி எவ்வளவு நேரம் என்பதை அதைப் பார்க்கும் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். நாமாகச் சொல்லி நினைவூட்டுவதில் தவறே இல்லை.

*

சர்க்கரையை இறக்குவது நோயும் பட்டினியும் மட்டுமல்ல. சர்க்கரை இல்லாத சில சுயிங்கம், சில மிட்டாய்கள், சில வேர்க்கடலை வெண்ணெய், சில பற்பசை ஆகியவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கிறது. மனிதருக்கு அது நஞ்சில்லை. நாயின் கணையமோ அதைச் சர்க்கரை என்று நம்பி இன்சுலினைக் கொட்டிவிடும். அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் சர்க்கரை தரைக்கு வரலாம். அளவு கூடினால், நல்ல கல்லீரலே செயலிழந்துபோகலாம். சர்க்கரைநோய் உள்ள பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இந்தப் பொருட்கள் மேசைமேல்தான் கிடக்கின்றன. அவற்றை மேலே எடுத்து வையுங்கள்.

உங்கள் நாய் தளர்ந்து நடுங்கினால், விழுங்க முடிகிறதா என்று முதலில் பாருங்கள். முடிந்தால், அப்பு அளவு நாய்க்கு ஒரு தேக்கரண்டி குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் குழைத்தோ, தேனையோ, ஈறிலும் நாக்கிலும் தடவி நக்க விடுங்கள். வலிப்பு வந்துகொண்டிருக்கும்போது வாய்க்குள் விரல் விடாதீர்கள். மயங்கிக் கிடக்கும்போது எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். உதட்டின் உள்பக்கம் கொஞ்சம் தடவிக்கொண்டே வண்டியைக் கிளப்புங்கள். தெளிந்து எழுந்ததும் சோறு வையுங்கள், இனிப்போடு விட்டால் மறுபடி இறங்கும். சோறு தின்று வாலாட்டினாலும் அன்றைக்கே டாக்டரிடம் கொண்டுபோங்கள். அங்கே டெக்ஸ்ட்ரோஸை நீர்க்கச் செய்து மெதுவாக நரம்பில் ஏற்றுவார்கள், தேவைப்பட்டால் ட்ரிப்ஸில் தொடர்வார்கள், ஏன் இறங்கியது என்று தேடுவார்கள். இரவில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை எது, அதன் எண் என்ன என்பதை இன்றைக்கே விசாரித்து, வீட்டில் எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் எழுதி ஒட்டிவையுங்கள்.